இத்தாவுக்குள்ள வந்த கட்டி

அஸ்ஸலாமு அலைக்கும் மகன். ‘நான் நல்லா இரிக்கன்’ எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தன். கடிதம் எண்டா அப்பிடித்தானே தொடங்கிறது. ஆனா அந்த ஒரு வசனத்தை எழுதக் கை வரல்ல. ஏன் வரல்ல எண்டு சொல்றதுக்குத்தான் இவ்வளவு பக்கமும். போன்ல சொல்லலாமே எண்டு கேப்பாய். போன்ல நான் ரெண்டு சொல்லுச் சொல்ல முந்தி ‘உம்மா, ஒண்டும் யோசிக்காதீங்க’ எண்டு என்ட வாயை அடைச்சிருவாய். கடிதத்தை நடுவில வெட்ட ஏலாது பார். லுஹர் தொழுதிட்டு இரிந்து எழுதுறன். உன்ட தங்கச்சி சுமையா பிள்ளைகளைக் கூட்ட ஸ்கூலுக்குப் போயிரிக்காள். எழுதி முடிச்சிட்டுப் பக்கம் பக்கமாப் படம் புடிச்சு உனக்கு அனுப்புவன். அதை எப்பிடிச் செய்யிற எண்டு சுமையாட மகள் படிப்பிச்சுத் தந்திரிக்காள், ஒரு தரத்துக்கு நாலு தரம் ஏசி ஏசி.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிஞ்சு, நீ கட்டாருக்குத் திரும்பிப் போன கிழமைதான் அது. நான் இத்தாவில இரிந்தன். நாலு மாசமும் பத்து நாளும் வெள்ளை உடுப்போட அந்த நடு அறைக்குள்ள, பிற ஆம்புளை கண்ணில படாம ஜன்னலுக்குச் சீலை போட்டுக்கொண்டு. மருமகனுக்குத் தடையில்ல, எண்டாலும் அந்தப் புள்ள இருமிப்போட்டுத்தான் வாசல்ல கால் வைப்பார். அண்டைக்கு அசர் தொழ உழு எடுக்கப் போனன். இடக்கையை முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவுற நேரம், முழங்கைக்கு மேல ரெண்டு விரல் தள்ளி, உள்பக்கத்தில, விரல்ல ஒண்டு தட்டுப்பட்டிச்சு. பயறு அளவு. நுளம்பு கடிச்சிரிக்கும் எண்டு நினைச்சன். மஃரிபுக்கும் இரிந்திச்சு. இஷாவுக்கும் இரிந்திச்சு. நோவு இல்ல, சொறி இல்ல, சிவப்பில்ல. நோவு இரிந்தாலாவது நோவுக்கு ஒரு மருந்தைப் பூசலாம். ஒண்டும் இல்லாம அது பாட்டுக்கு அங்க இரிந்திச்சு.

மறுகா என்ட நாளே அதைச் சுத்தித்தான் போச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு தரம் அந்தக் கையைக் கழுவோணும்தானே. நான் தொழுறதுக்கு உழு எடுக்கிறனா, கட்டியைத் தடவிப் பாக்கப் போறனா எண்டு எனக்கே தெரியாமப் போச்சு. அல்லாஹ் மன்னிக்கோணும், சில நாள் உழு முறியாமலே திரும்பவும் உழு எடுத்தன். ஒரு கிழமை சுருங்கின மாதிரி இரிக்கும், அல்ஹம்துலில்லாஹ் எண்டு ரெண்டு ரக்அத் தொழுவன். அடுத்த கிழமை தொட்டா பெருத்திரிக்கும். பயறு புளியங்கொட்டையாச்சு. புளியங்கொட்டை கொட்டப்பாக்காச்சு. அமத்தினா அசையாம இறுகி இரிந்திச்சு. ஆரிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லல்ல நான்.

ஏன் சொல்லல்ல எண்டு நீ போன்ல சத்தம் போட்டாய். அண்டைக்கு நான் சொன்ன பதில் ஞாபகமா? ‘இத்தாவில இரிக்கிற பொம்புளை எப்பிடி மகன் வெளிய போறது, ஆம்புளை டொக்டருக்கு எப்பிடிக் கையைக் காட்டுறது.’ நீ வாயை மூடினாய். மார்க்கத்தைச் சொன்னா நீ வாயை மூடுவாய் எண்டு எனக்குத் தெரியும். இப்ப உண்மையைச் சொல்றன், கேள். நம்மட பக்கத்து வீட்டு றாபியா ராத்தா இத்தாவில இரிந்த நேரம் பல்லுக் கொதிச்சு, வீங்கின முகத்தோட ஓட்டோவில ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லைப் புடுங்கிட்டு வந்தவ. கூடப் போன ஆளே நான்தான். அண்டைக்கு ‘வருத்தம் எண்டா போகலாம்கா, ஆர் என்ன சொல்றது’ எண்டு வாசல்ல நிண்டு வாய்கிழியக் கதைச்சதும் நான்தான். இத்தா முடிஞ்ச பொறகு, பொம்புளைப் பிள்ளைகளுக்கு ஓதிக் குடுக்கிற மௌலவியாட்டச் சுமையா கேட்டாள். அவ தலையில அடிச்சுக்கொண்டு சொன்னாவாம், ‘மருந்தெடுக்கப் போறதை மார்க்கம் எப்ப தடுத்திச்சு? உங்கட உம்மாவுக்கு ஆர் இப்பிடிச் சொன்ன?’ ஆரும் சொல்லல்ல மகன். நானேதான் எனக்குச் சொன்னன். சட்டம் என்னைப் புடிச்சு வைக்கல்ல, நான்தான் சட்டத்துக்குப் பின்னால ஒளிஞ்சு இரிந்தன். வாப்பா போன அதே வருத்தம் எனக்கும் வந்திட்டு எண்டு ஆராவது சொல்லிருவாங்களோ எண்ட பயம். அதைக் கேக்காம இன்னும் ஒரு நாள் இரிக்கலாம், இன்னும் ஒரு கிழமை இரிக்கலாம் எண்டு நாலு மாசத்தைத் திண்டுட்டன்.

வாப்பாட கதையை இனித்தான் சொல்லோணும். இதை எழுதாம மத்ததை எழுதி வேலையில்ல. அவர்ட வயித்து ரிப்போட் வந்த நாள், டொக்டர் அவரை வெளியில இரிக்கச் சொல்லிட்டு என்னை மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு, ‘அவருக்குச் சொல்றதா இல்லையா எண்டு நீங்க வீட்டுக்காரங்க யோசிங்க’ எண்டார். நான் ஆஸ்பத்திரி மரத்தடியில நிண்டு உனக்குப் போன் எடுத்தன். நீ அழுதாய். அழுதுகொண்டே சொன்னாய், ‘வாப்பாட்டச் சொல்ல வேணாம் உம்மா, மனசு உடைஞ்சிருவார், குடல் புண் எண்டு சொல்லுங்க.’ நான் முகத்தைக் கழுவிட்டு வந்து, ‘குடல் புண்தானாம், உறைப்பைக் குறைக்கட்டாம்’ எண்டன். அந்த மனுசன் ‘பாத்தியா, நான் அப்பவே சொன்னன்தானே’ எண்டு சிரிச்சார். ஏழு மாசம் மகன். ஏழு மாசமும் நான் நடிச்சன். உறைப்பில்லாத கறி ஆக்கினன். குளிசை பெருகப் பெருக, ‘இது புண் ஆற’, ‘இது பசிக்கு’ எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு பொய் வெச்சிரிந்தன். நீ தூரத்தில இரிந்து ஓடர் போட்டாய், நானும் சுமையாவும் இஞ்ச இரிந்து அதைச் செஞ்சம். உன்னைக் குத்தஞ் சொல்ல எழுதல்ல. நான் அவர்ட பொண்டாட்டி. வேணாம் எண்டு நான் சொல்லியிரிக்கலாம்.

அவர் ஒரு மேசன். மதிலை ஒரு தட்டுத் தட்டிட்டு உள்ளுக்குப் பொக்கு இரிக்கு எண்டு சொல்ற மனுசன். அவருக்குத் தெரியாம இரிந்திருக்குமா எண்டு ஊர்ல ரெண்டு பேர் என்னட்டக் கேட்டாங்க. எனக்கு ஆறுதலா இரிக்கட்டும் எண்டு கேட்டிரிப்பாங்க. தெரியாது மகன். சத்தியமா அவருக்குத் தெரியாது. மதிலைத் தட்டிப் பாத்தார், என்னைத் தட்டிப் பாக்கல்ல. நான் சொன்னதை நம்பினார். அதுதான் எனக்குத் தாங்க ஏலாம இரிக்கு.

உன்ட பெரிய வாப்பாவும் அவரும் கதைக்காம இரிந்தது உனக்குத் தெரியும். கடல் வந்து அள்ளிட்டுப் போனதில வேலியும் போச்சு, எல்லைக்கல்லும் போச்சு. எந்த இடத்தில வேலி இரிந்த எண்டு கூடப் பொறந்த காக்காவும் தம்பியும் புடிச்ச சண்டை, எல்லாத்தையும் இழந்துபோட்டு ஒரு முழ மண்ணுக்கு. வருத்தத்தோட படுத்த பொறகு வாப்பா ரெண்டு மூணு தரம் சொன்னார், ‘சுகம் வந்தா காக்காட வீட்ட போய் ஒரு சலாம் சொல்லோணும்.’ நான், ‘இப்பவே போவமே, ஓட்டோவுக்குச் சொல்றன்’ எண்டன். ‘போடி, இந்தக் கோலத்தில போனா, மௌத்தாகப் போறவன் மன்னிப்புக் கேட்டு வந்திரிக்கான் எண்டு நினைப்பார். உடம்பு தேறட்டும். நல்லா நிமிந்து நடந்து போகோணும்’ எண்டார். அந்த நேரம் என்ட நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சு. விழுங்கிட்டன். ஜனாஸா அண்டைக்குப் பெரிய வாப்பா வந்தார். தம்பியைக் கிடத்தின சந்தூக்குக்குக் கிட்ட நிண்டு, அறைக்குள்ள இரிந்த எனக்குக் கேக்கிற மாதிரி, ‘தம்பிக்கு இந்த வருத்தம் தெரியுமா புள்ள? தெரிஞ்சும் என்னைக் கூப்பிடல்லையா?’ எண்டு கேட்டார். நான் சீலையை இழுத்து முகத்தை மூடினன். தெரிஞ்சும் கூப்பிடல்ல எண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டார், பாவம். நாம வாப்பாட மனசு உடையாமப் பாத்தம் எண்டு நீ இன்னும் நினைச்சுக்கொண்டிரிக்காய். அவர்ட மன்னிப்பைத்தான் நாம தடுத்துப்போட்டம்.

இத்தா முடிஞ்ச அடுத்த நாள் சுமையாட்டக் கையைக் காட்டினன். அவள் தொட்டுப் பாத்த உடன கையை வெடுக்கெண்டு எடுத்தாள், சூட்டில பட்ட மாதிரி. பொறகு சமாளிச்சுக்கொண்டு, ‘இதென்ன உம்மா, சும்மா கொழுப்பு’ எண்டாள். றாபியா ராத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் அரைச்சுப் பத்துப் போடச் சொன்னா. சாச்சி ஓதி ஊதின தண்ணி கொண்டு வந்தா. அல்லாஹ்ட கலாம், குடிச்சன். பத்தையும் போட்டன். ரெண்டும் செஞ்சிட்டு டொக்டர்ட்டயும் போனம். முதல்ல பாத்தவர் ஒரு நிமிசம் அமத்திப் பாத்திட்டு, ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். கிளினிக்கில விடிய ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, என்ட நம்பர் வர லுஹராச்சு. அபாயாட கை ஒடுக்கம், முழங்கைக்கு மேல ஏற மாட்டன் எண்டு நிக்குது. நேர்ஸ் புள்ள திரையை இழுத்து விட்டு, ‘தையலைப் பிரிக்கவா உம்மா?’ எண்டு கேட்டாள். பிரி எண்டன். நாலு மாசமா ஆம்புளை கண்ணில படக்கூடாது எண்டு நான் மறைச்ச கை, டொக்டர் அதை ஒரு பழுதான சாமானைப் பாக்கிற மாதிரிப் பாத்தார். அவ்வளவுதான். இதுக்கா நான் பயந்தன் எண்டு சிரிப்பும் வந்திச்சு, ஆத்திரமும் வந்திச்சு. ஊசியால குத்தி எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, நெஞ்சுப் படம் எடுத்தாங்க. ரிப்போட் வர ரெண்டு கிழமை எண்டாங்க. அந்த ரெண்டு கிழமையும் நான் திண்டது சோறா மண்ணா எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

ரிப்போட் எடுக்கச் சுமையா தனியாப் போனாள். நான் வாறன் எண்டன், ‘என்னத்துக்கு உம்மா வெயிலுக்க’ எண்டு விட்டுட்டுப் போனாள். திரும்பி வந்து சப்பாத்தைக் கழட்ட முந்தியே, ‘ஒண்டுமில்ல உம்மா, சாதாரணக் கட்டிதானாம். வெட்டி எடுத்தாச் சரியாம். கொழும்பில மெஷினெல்லாம் நல்லம், அதனால அங்க போகட்டாம்’ எண்டாள். முகத்தைக் கழுவியிரிந்தாள். எனக்கு அது போதும். ஆஸ்பத்திரி பைப்பில முகத்தைக் கழுவிட்டு வந்து சிரிக்கிற வித்தையை இந்த வீட்டுக்குள்ள கொண்டு வந்தவளே நான்தானே. ஒண்டுமில்லாத கட்டியை வெட்ட ஆராவது கொழும்புக்குப் போவாங்களா? அண்டைக்குப் பின்னேரம் நீ போன் எடுத்தாய். எடுத்த உடன பகிடி விட்டாய். என்ன கறி எண்டு கேட்டாய். நான் மீன் ஆணம் எண்டன், அதுக்கும் சிரிச்சாய். மீன் ஆணத்தில சிரிக்க என்ன இரிக்கு மகன்? நீங்க ரெண்டு பேரும் கதைச்சு ஒண்டாகிட்டீங்க எண்டு விளங்கிச்சு. ஒரு வேளை உண்மையாவே ஒண்டுமில்லையோ எண்டும் மனசு அடிச்சிச்சு. அதுதான் பெரிய வேதனை. நல்ல செய்தி எண்டாலும் நம்ப ஏலாத ஆளா நான் ஆகிட்டன்.

மூணு நாள் பொறுத்தன். நேத்து விடிய, சுமையா பிள்ளைகளோட போன பொறகு, அவள்ட அலுமாரியைத் திறந்தன். கள்ளி மாதிரி மகள்ட உடுப்புக்குள்ள கையை விட்டன். பெருநாள் சீலைக்குக் கீழ ரிப்போட் இரிந்திச்சு. இங்கிலீசில. என்ட பேரும் வயசும் விளங்கிச்சு. அதுக்குக் கீழ ஒரு நீட்டுச் சொல்லு. அதை வாசிக்க எனக்குத் தெரியாது, ஆனா அந்தச் சொல்லு எனக்குப் பழக்கம். வாப்பாட ரிப்போட்டிலயும் அதே சொல்லுத்தான். அந்தக் கடதாசியை ஏழு மாசம் என்ட தலையணை உறைக்குள்ள வெச்சிரிந்தவள் நான், எழுத்துக்கெழுத்து எனக்குப் பாடம். கட்டில்ல இரிந்திட்டன். கொஞ்ச நேரத்தால எழும்பி, அபாயாவைப் போட்டு, ரிப்போட்டைப் பையில வெச்சு, பிரஷர் குளிசை எடுக்கப் போறன் எண்டு றாபியா ராத்தாட்டச் சொல்லிட்டு பஸ்ல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனன். என்ட வாழ்க்கையில ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போனது அதுதான் முதல் தரம்.

டொக்டர் ரிப்போட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், எனக்குப் பின்னால வாசலைப் பாத்தார். ‘கூட ஆர் வந்த உம்மா? மகள் வரல்லையா?’ எண்டார். அந்தக் கேள்வியிலயே பதில் இரிந்திச்சு. நான் சொன்னன், ‘கை என்ட கை டொக்டர். மகளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லுங்க.’ ‘மகளும் மகனும் கேட்டுக்கொண்டாங்க...’ எண்டு இழுத்தார். ‘என்ட புருசனுக்கு நான் இதைச் செஞ்சிட்டுத்தான் வந்திரிக்கன். எனக்கு வேணாம்’ எண்டன். என்ட குரல் கொஞ்சம் கூடிப்போச்சு போல, வெளியில இரிந்த சனம் திரும்பிப் பாத்திச்சு. அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்து, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக் கதைச்சார்.

சதைக்குள்ள வாற ஒரு வகைப் புற்று; அந்த நீட்டுச் சொல்லு எந்தப் புற்றுக்கும் போடுறதாம். பேரை நான் கேட்டு எழுதியெடுத்தன். இப்போதைக்குக் கையோட நிக்குதாம், நெஞ்சுப் படத்தில ஒண்டும் தெரியல்லையாம், ஆனா கொழும்பில இன்னும் ஒரு ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்லலாமாம். சுத்தி உள்ள நல்ல சதையோட சேத்து வெட்டோணும், பொறகு கதிர் பாய்ச்சிற கரண்ட் புடிக்கோணும். ‘கை இரிக்குமா?’ எண்டு கேட்டன். ‘இரிக்கும் எண்டுதான் நினைக்கிறம். பழைய மாதிரி மடக்க நீட்ட ஏலுமா எண்டு இப்ப சொல்ல ஏலாது’ எண்டார். கேக்கவே கூடாத கேள்வியையும் கேட்டன், ‘நாலு மாசம் முந்தி வந்திருந்தா?’ அவர், ‘சின்னதா வெட்டியிருக்கலாம். அதையே நினைச்சுக்கொண்டு இரிக்காதீங்க’ எண்டார். நினைக்காம இரிக்க ஏலுமா? ஆனாலும் அவர் பொய் சொல்லாம விட்டது எனக்குப் பெரிய உதவி. கால் மணித்தியாலம் என்ட முகத்தைப் பாத்துக் கதைச்சார். வாப்பாட முகத்தைப் பாத்து அப்பிடி ஆரும் கதைக்கல்ல.

இதையெல்லாம் உனக்கு ஏன் இவ்வளவு நீட்டமா எழுதுறன் எண்டா, நீயும் என்னை மாதிரித்தான். போன தரம் வந்து நிண்ட நேரம் சாப்பிட்டாப் பொறகு நெஞ்சைத் தடவினாய், கேட்டதுக்கு காஸ் எண்டாய். நோன்பு வருது, வேலை கூட, லீவு இல்ல எண்டு நீயும் ஒரு சட்டத்துக்குப் பின்னால ஒளிஞ்சிரிக்காதே. போய்க் காட்டு. காட்டிட்டு என்ன சொன்னாங்க எண்டு உன்ட பொண்டாட்டிட்ட அப்பிடியே சொல்லு, அவளும் உன்னட்ட அப்பிடியே சொல்லட்டும். ஒரு ஆளைக் காப்பாத்துறம் எண்டு அவர்ட கையில இரிக்கிற நாளைப் பறிக்கிறது எவ்வளவு பெரிய அநியாயம் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. எனக்குச் செய்ய வேலை இரிக்கு மகன். பெரிய வாப்பாட வீட்டுக்கு நான் நாளைக்குப் போவன், தம்பிக்குத் தெரியாது, நாங்கதான் மறைச்சம் எண்டு சொல்லுவன். ஏசினா ஏசட்டும்.

இந்த இடத்தில பேனையை வெச்சிட்டு எழும்பிப் போயிட்டன். சுமையா வந்து குசினிக்குள்ள தேங்காய் துருவிற சத்தம் கேட்டிச்சு. நேத்திலயிருந்து அவளுக்கு முன்னால ஒண்டும் தெரியாத மாதிரி நடிச்சுக்கொண்டு திரியிறன், இஞ்ச உனக்குப் பக்கம் பக்கமாப் புத்தி சொல்றன். எனக்கே வெக்கமாப் போச்சு. போய், ‘புள்ள, நான் டொக்டர்ட்டப் போயிட்டு வந்திட்டன், எல்லாம் சொல்லிட்டார்’ எண்டன். திருவலையிலயிருந்து எழும்பல்ல அவள். கையில தேங்காய்ப் பாதியோட அப்பிடியே இரிந்தாள். ‘எப்ப உம்மா?’ எண்டாள். நேத்து எண்டன். ‘எனக்கு நாலு நாளா மூச்சு விட ஏலாம இரிந்திச்சு உம்மா’ எண்டு சொல்லிட்டு, சின்னப் புள்ளையில அழுற மாதிரி வாயைத் திறந்து அழுதாள். நானும் அழுதன். பிள்ளைகள் வந்து வாசல்ல நிண்டு பாத்திச்சுகள். பொறகு முகத்தைத் துடைச்சுக்கொண்டு, கொழும்புக்கு என்னென்ன எடுக்கோணும் எண்டு ரெண்டு பேரும் இரிந்து கதைச்சம். செவ்வாய்க்கிழமை விடிய வாகனம் வரும். உன்ட மச்சான், சுமையாட புருசனும் வாறார்.

நீ லீவு கேட்டு அங்க சண்டை புடிக்காதே. வர ஏலுமெண்டா வா, ஏலாட்டி அங்க இரிந்து துஆச் செய். ஆனா இதை வாசிச்ச உடன எனக்குப் போன் எடு. ‘தைரியமா இரிங்க உம்மா’ எண்டு மட்டும் சொல்லாதே. வாப்பாவை நாம பயப்படக்கூட விடல்ல மகன். பயந்திருந்தா அவர் என்ட கையைப் புடிச்சிருப்பார், ரெண்டு பேரும் சேந்து பயந்திருப்பம். என்னை அப்பிடி விட்டிராதே. எனக்குப் பயமா இரிக்கு மகன். நீ போனைக் காதில வெச்சுக்கொண்டு இரி, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும்.

உன்ட உம்மா